லைலாக் பூக்கல, இலை கருகுது, கிளை காயுது: அறிகுறி பாத்து சரி பண்ற வழி

டொரான்டோ, மிசிசாகா, மார்க்கம், அஜாக்ஸ்னு தெற்கு ஒன்டாரியோல பேக்யார்ட்ல லைலாக் வெச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். ஒட்டாவா, மான்ட்ரியல், அமெரிக்கால பஃபலோ, ராச்செஸ்டர் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான், தேதி மட்டும் ஒரு வாரம் பத்து நாள் முன்ன பின்ன போகும். சென்னை, மதுரைல இருந்து யாராவது படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு ஆன்லைன்ல லைலாக் கன்னு, விதைன்னு பாத்து காசை விடாதீங்க. இந்தச் செடி குளிர்காலம் முழுக்க நல்லா தூங்கி எழுந்தாதான் மொட்டு விரியும், நம்ம ஊர் மார்கழி குளிர் எல்லாம் அதுக்கு பத்தவே பத்தாது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், கீழ வர்ற பிரச்சினைல பாதி இதுல இருந்துதான் வருது. லைலாக்கும் நம்ம மல்லியும் ஒரே குடும்பம், ரெண்டும் ஆலிவ் குடும்பத்துச் செடிங்க. ஆனா வளக்குற முறை அப்படியே நேர் எதிர். மல்லிய கார்த்திகை மார்கழில கவாத்து பண்ணுவோம், அப்புறம் வர்ற புதுத் துளிர்ல பூ கொட்டும், அந்தப் பழக்கத்துலயே நம்ம ஆளுங்க இங்க வந்து லைலாக்கையும் இலை கொட்டினதும் இல்லேன்னா பனி உருகினதும் கத்திரிய எடுத்துட்டு போய் ஒரே மட்டமா வெட்டி விடறாங்க. லைலாக் பூக்குறது போன வருஷத்து கிளைல. இந்த மே மாசம் பூக்கப் போற மொட்டு போன கோடையிலயே உருவாகி, பனி மொத்தத்தையும் தாங்கிக்கிட்டு கிளை நுனில உக்காந்திருக்கும். அக்டோபர்ல வெட்டினாலும் சரி ஏப்ரல்ல வெட்டினாலும் சரி, நீங்க வெட்டிப் போடறது அடுத்து வரப்போற மே மாசத்து பூவைத்தான்.

செடி நல்லா இருக்கு, இலை பச்சைப் பசேல்னு இருக்கு, பூ மட்டும் வரல

அதிகமா கேக்குற கேள்வி இது. உரம் வாங்க ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. அக்டோபர் கடைசில இலை எல்லாம் கொட்டினப்புறம் செடிகிட்ட போய் கிளை நுனிய பாருங்க. நுனில ஜோடியா ரெண்டு மொட்டு இருக்கும். அது குண்டா, பருத்து, பச்சையும் ஊதாவும் கலந்த நிறத்துல பளபளன்னு இருந்தா பெரும்பாலும் பூ மொட்டு. ஒல்லியா கூரா இருந்தா இலை மொட்டு. சந்தேகமா இருந்தா ஒரே ஒரு மொட்ட கிள்ளி எடுத்து பிளேடால நெடுக்க ரெண்டா வகுந்து பாருங்க, பூ மொட்டா இருந்தா நடுவுல பச்சையா குட்டிக் குட்டி உருண்டையா நெருக்கமா ஒரு கொத்து தெரியும், அதுதான் மே மாசத்து பூங்கொத்து. வெறும் இலை மடிப்பு மட்டும் தெரிஞ்சா அது இலை மொட்டு. ஒரு மொட்டு போனா ஒண்ணும் ஆகாது.

இலையுதிர் காலத்துல குண்டு மொட்டு இருந்துச்சு, ஆனா மே மாசம் பூ வரலன்னா நடுவுல ஏதோ நடந்திருக்கு: யாரோ வெட்டியிருக்காங்க, முயல் கடிச்சிருக்கு, இல்லேன்னா வசந்த காலத்து கடைசிப் பனி சுட்டிருக்கு. மொட்டே இல்லைன்னா கோடையிலயே ஏதோ தப்பாயிருக்கு, அதுக்கு கீழ சொல்றத ஒவ்வொண்ணா பாருங்க.

வெட்டின நேரம்தான் முதல்ல. லைலாக் இங்க மே மூணாவது வாரம் வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வாக்குல பூக்கும், பூ வாடின ரெண்டு மூணு வாரத்துக்குள்ள கவாத்து முடிச்சிருங்க, ஜூலை 1 கனடா டே வந்துட்டா கத்திரிய உள்ள வெச்சிருங்க. அதுக்கு மேல வெட்டறது எல்லாம் அடுத்த வருஷ மொட்டுதான். வாடின பூங்கொத்த மட்டும் எடுக்கணும்னா, கொத்துக்கு நேர் கீழ ரெண்டு பக்கமும் புதுத் துளிர் ஒண்ணு ஒண்ணு கிளம்பியிருக்கும், அதுக்கு மேலயே வெட்டுங்க, அந்த ரெண்டு துளிரும்தான் அடுத்த வருஷம் பூக்கும். லான் வெட்ட ஆள் வெச்சிருக்கிறவங்க அந்த ஆளுக்கும் இத சொல்லி வைங்க, ஹெட்ஜ் ட்ரிம்மர எடுத்து எல்லா புதரையும் ஒரே உருண்டையா வெட்டிட்டு போயிடுவாங்க, வருஷம் பூரா நீங்க பாத்துப் பாத்து வளத்தது அஞ்சு நிமிஷத்துல போயிரும்.

அடுத்தது வெயில். குறைஞ்சது 6 மணி நேரம் நேர் வெயில் வேணும். செடி வைக்கும்போது வெயில் இருந்திருக்கும், பத்து வருஷத்துல பக்கத்து வீட்டு மேப்பிள் வளந்து மூடியிருக்கும், அத யாரும் கவனிக்கறதில்ல. ஜூன் மாசம் ஒரு லீவு நாள்ல காலைல, மதியம், சாயங்காலம்னு மூணு தடவ எட்டிப் பாருங்க, நிழல் எங்க விழுதுன்னு தெரிஞ்சிரும். வெயில் வராதுன்னா எந்த உரமும் அத ஈடு கட்டாது, ஒண்ணு மேப்பிள் கிளைய குறைக்கணும், இல்லேன்னா இலை கொட்டினப்புறமோ ஏப்ரல்ல துளிர் வர்றதுக்கு முன்னாடியோ லைலாக்க தோண்டி வேற இடத்துல வைக்கணும். இடம் மாத்தினா ஒண்ணு ரெண்டு வருஷம் பூ வராம போகலாம், அதுக்கு தயாரா இருங்க.

அப்புறம் உரம். லான் பச்சையா இருக்கணும்னு போடற உர மூட்டைல மூணு நம்பர் போட்டிருக்கும், அதுல முதல் நம்பர் நைட்ரஜன், லான் உரத்துல அது 25, 30னு இருக்கும். லைலாக் லானுக்கு நடுவுல நின்னா அந்த நைட்ரஜன் மொத்தத்தையும் வேர் இழுத்துக்கும், இலை உள்ளங்கை அகலத்துக்கு வரும், பூ வராது. தூரச் சுத்தி ஒரு மூணு நாலு அடிக்கு புல்ல எடுத்துட்டு மல்ச் போடுங்க, உரம் தூவறப்ப அந்தப் பக்கம் போகாதீங்க. வசந்த காலத்துல ஆட்டெருவோ கம்போஸ்டோ ரெண்டு ஷவல் தண்ட ஒட்டாம சுத்திப் போட்டா போதும், லைலாக் பெருந்தீனிக்காரச் செடி இல்ல. சாம்பல் போடு, சுண்ணாம்பு போடுன்னு நிறைய பேர் சொல்வாங்க. லைலாக்குக்கு புளிப்பு மண் பிடிக்காதுங்கிறது உண்மைதான், பிஎச் 6.5ல இருந்து 7 கிட்ட இருந்தா சந்தோஷமா இருக்கும், ஆனா தெற்கு ஒன்டாரியோ மண்ணு பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைல இருந்து வந்தது, ஏற்கனவே காரத் தன்மைதான். மண் டெஸ்ட் பண்ணாம சுண்ணாம்பு போடாதீங்க.

எல்லாம் சரியா இருந்தும் பூ இல்லைன்னா செடிக்கு வயசு பத்தல. தூர்ல இருந்து பிரிச்சு குடுத்த கன்னு பூக்க மூணுல இருந்து அஞ்சு வருஷம் ஆகும், சிலது அதுக்கும் மேல எடுத்துக்கும். நர்சரில பூவோட வாங்கினதுகூட தரைல வெச்சதும் வேர் பிடிக்க ரெண்டு வருஷம் சும்மா நிக்கும். காத்திருங்க, தோண்டித் தோண்டி பாக்காதீங்க.

மொட்டு வந்துச்சு, விரியறதுக்குள்ள கருகிப் போச்சு

ரெண்டு காரணம் இருக்கு, பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏப்ரல்ல நாலு நாள் வெயில் அடிச்சு மொட்டு விரிய ஆரம்பிச்சு, அப்புறம் மே முதல் வாரத்துல ஒரு ராத்திரி பூஜ்யத்துக்கு கீழ ரெண்டு மூணு டிகிரி போச்சுன்னா விரிஞ்ச மொட்டு பழுப்பாயிரும். இது பனி சுட்டது. செடி முழுக்க ஒரே நாள்ல நடக்கும், வெளிப்பக்கம் அதிகமா இருக்கும், அதுக்கு மேல பரவாது. ஒண்ணும் பண்ண வேண்டாம், அந்த வருஷ பூ போச்சு, அவ்வளவுதான். செடி சின்னதா இருந்து அன்னிக்கு ராத்திரி பனின்னு வெதர் ஆப் சொன்னா பழைய பெட்ஷீட் ஒண்ண தரை வரைக்கும் தொங்குற மாதிரி போர்த்தி காலைல எடுத்துருங்க.

கருகல் நாளுக்கு நாள் கீழ இறங்குது, இளம் துளிர் கறுத்து நுனி வளைஞ்சு தொங்குது, இலைல ஈரம் ஊறின மாதிரி புள்ளி வந்து கறுக்குதுன்னா அது பாக்டீரியா கருகல். குளிரும் மழையுமா இருக்குற வசந்த காலத்துல வரும். இதப் பண்றது சூடோமோனாஸ் சிரிஞ்சேங்கிற பாக்டீரியா, உலகம் பூரா பல பயிர தாக்குற இத முதல்ல பிரிச்சு எடுத்ததே லைலாக்ல இருந்துதான். இதுக்கு ஒரு விசித்திரமான வேலை தெரியும்: தன் மேல்தோல்ல இருக்குற ஒரு புரதத்தால தண்ணிய சாதாரணமா உறையறத விட சீக்கிரமே, கொஞ்சம் குறைஞ்ச குளிர்லயே உறைய வெக்கும். சில ஸ்கீ மலைல செயற்கைப் பனி தயாரிக்க இதே புரதத்தை தண்ணில சேத்துக்கிறாங்க. இலை மேல பனிக்கட்டி உண்டாக்கி, இலை வெடிச்சதும் அந்தப் புண்ணு வழியா உள்ள போயிரும். அதனால பனியும் பாக்டீரியாவும் பல நேரம் சேந்தே வரும்.

மழை இல்லாத காய்ஞ்ச நாளா பாத்து, கறுத்த இடத்துக்கு கீழ ஒரு அடி விட்டு நல்ல கிளைல வெட்டி எடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கு அப்புறமும் கத்திரிய 70% ஆல்கஹால்ல துடைக்கணும், இத சோம்பேறித்தனம் பட்டு விட்டீங்கன்னா நீங்களே கிளை கிளையா நோயைப் பரப்புவீங்க. வெட்டினத கம்போஸ்ட்ல போடாதீங்க. இங்க பூஞ்சை மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்ல, இது பாக்டீரியா.

பூ எல்லாம் உச்சில மட்டும், கீழ மொட்டைத் தண்டா இருக்கு

பழைய வீடு வாங்கினவங்களுக்கு இது வரும். முப்பது நாப்பது வருஷத்து லைலாக், 12 அடி 15 அடி உயரத்துல, தண்டு கை மொத்தத்துக்கு இருக்கும், பூ ரெண்டாவது மாடி ஜன்னலுக்கு நேரா பூக்கும். வெட்டித் தூக்கிப் போட்ராதீங்க, லைலாக் நம்மள விட ஆயுசு கெட்டியான செடி, நூறு வருஷத்தைத் தாண்டினதும் உண்டு.

மூணு வருஷத் திட்டமா எடுத்துக்கோங்க. முதல் வருஷம் பூத்து முடிச்சதும் ரொம்ப பழைய, மொத்தமான தண்டுல மூணுல ஒரு பங்க தரையோட ஒட்டி ரம்பத்தால அறுத்துருங்க. வெளிச்சம் உள்ள வந்ததும் தூர்ல இருந்து புதுத் தண்டு நிறைய கிளம்பும், அதுல நல்லா தெம்பா இருக்குறத நாலஞ்சு விட்டுட்டு மீதிய கிள்ளிருங்க. அடுத்த வருஷம் மிச்ச பழைய தண்டுல பாதி, மூணாவது வருஷம் மீதி. இடைல எந்த வருஷமும் பூ இல்லாம போகாது. மொத்தமா தரையோட வெட்டற வழியும் இருக்கு, செடி பிழைச்சுக்கும், ஆனா மூணு வருஷம் கிட்ட பூவ பாக்க முடியாது, எனக்கு அது மனசு வராது. ஒட்டுக்கன்னா இருந்தா அந்த வழிக்கு போகவே கூடாது, ஒட்டுக்கு மேல இருக்குற உங்க ரகம் போயி கீழ இருக்குற வேர்ச்செடிதான் துளிர்க்கும்.

வெள்ளைப் பூன்னு வாங்கினேன், இப்ப ஊதா பூக்குது

இது மண்ணால இல்ல. மண்ணோட புளிப்புக்கு ஏத்த மாதிரி நிறம் மாறறது ஹைட்ரேஞ்சியா, லைலாக் அப்படி மாறாது. உங்க செடி ஒட்டுக்கன்னு, அடில இருக்குற வேர்ச்செடி பக்கக்கன்னு விட்டு மேல வந்து, நீங்க காசு குடுத்து வாங்கின ரகத்த அமுக்கிருச்சு. வேர்ச்செடி பெரும்பாலும் சாதா ஊதா லைலாக், சில நர்சரில ப்ரிவெட்ங்கிற வேலிச்செடி மேல ஒட்டு கட்டுவாங்க. லைலாக் இலை அடி அகலமா நுனி கூரா இதய வடிவத்துல இருக்கும், ப்ரிவெட் இலை சின்னதா நீளவாக்குல இருக்கும், பாத்த உடனே தெரியும்.

ஒட்டுக்கு கீழ இருந்து வர்றத தரை மட்டத்துல வெட்டாதீங்க, வெட்டினா ஒண்ணுக்கு நாலா வரும். மண்ண கொஞ்சம் தோண்டி, அது வேர்ல எங்க ஆரம்பிக்குதோ அங்க பிடிச்சு பிச்சு எடுங்க. இனிமே வாங்குறப்ப சொந்த வேர்ல வளந்த கன்னுதானான்னு கேட்டு வாங்குங்க, அதுல பக்கக்கன்னு வந்தாலும் அதே ரகம்தான். அப்படி வர்ற கன்ன ஏப்ரல்ல துளிர்க்கறதுக்கு முன்னாடி வேரோட பிரிச்சு தெரிஞ்சவங்களுக்கு குடுக்கலாம், இந்த ஊர்ல லைலாக் வீட்டுக்கு வீடு பரவினதே அப்படித்தான்.

பூ வருது, வாசனையே இல்ல

முதல்ல என்ன ரகம்னு பாருங்க. லைலாக்னு பேர் போட்டு விக்கிறதெல்லாம் ஒரே வாசனை கிடையாது. தெருவோரம் சிட்டி வெக்கிற ஜப்பானிய மர லைலாக் ஜூன்ல லேசா மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்துல பெருசா பூக்கும், அது வாசனை வேற ரகம், பல பேருக்கு பிடிக்காது. ஒட்டாவால சென்ட்ரல் எக்ஸ்பெரிமென்டல் ஃபார்ம்ல இசபெல்லா பிரெஸ்டன் 1920கள்ல உருவாக்கின பிரெஸ்டன் லைலாக் குளிர அப்படித் தாங்கும், சாதா லைலாக் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு பூக்கும், கடைசிப் பனிகிட்ட இருந்தும் தப்பிச்சுக்கும், ஆனா அந்த இனிப்பான வாசனை அதுல எதிர்பாக்கக் கூடாது. மூக்க நிறைக்கிற வாசனை வேணும்னா சாதா லைலாக் வகைதான், அதுல பிரான்ஸ்ல நான்சி ஊர்ல லெமுவான் குடும்பம் உருவாக்கினது நிறைய. 1890ல வந்த மேடம் லெமுவான்ங்கிற ரகம் இன்னிக்கும் நர்சரில கிடைக்குது, அடுக்கு வெள்ளை, கொத்து கனமா இருக்கும். அந்தக் குடும்பத்து விக்டர் லெமுவானுக்கு கண் பார்வை குறைஞ்சப்ப அவர் மனைவிதான் ஏணி மேல ஏறி ஒவ்வொரு பூவா மகரந்தம் தடவினாங்க.

சின்ன இடம்னா மிஸ் கிம்ங்கிற ரகம், கொரியால 1947ல எடுத்த விதைல இருந்து வந்தது, வாசனையும் உண்டு, இலை மேல மாவு மாதிரி படியற சாம்பல் நோயும் அவ்வளவா வராது. நர்சரி லேபிள நம்பி வாங்கறத விட மே கடைசி வாரத்துல ஹாமில்டன்ல ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் போய் ஒவ்வொண்ணா மோந்து பாத்து பேர் குறிச்சுக்கிட்டு வாங்க, உலகத்துலயே பெரிய லைலாக் தொகுப்புகள்ல அது ஒண்ணு. பார்டர் தாண்டி போறவங்க ராச்செஸ்டர்ல ஹைலாண்ட் பார்க் போகலாம், 1892ல இருந்து அங்க லைலாக் நட்டுக்கிட்டு வர்றாங்க, மே மாசம் திருவிழாவே நடத்துறாங்க.

ரகம் சரியா இருந்தும் வாசனை கம்மின்னா வானிலைதான். குளிரும் தூறலுமா இருக்குற நாள்ல வாசனை எழும்பாது. இதமான வெயில் அடிச்ச நாள்ல காத்து இல்லாத சாயங்காலமா போய் நில்லுங்க.

இலை மேல வெள்ளையா மாவு தூவின மாதிரி

சாம்பல் நோய். ஆகஸ்ட்ல வரும், பாக்க அசிங்கமா இருக்கும், செடிக்கு பெரிய கேடு இல்ல, அதுக்குள்ள அடுத்த வருஷ மொட்டு உருவாகியிருக்கும். நிழலும் காத்தோட்டம் இல்லாததும்தான் காரணம், ஃபென்ஸ் மூலைல நெருக்கி வெச்ச செடில கண்டிப்பா வரும். உள்பக்கம் நெருங்கின தண்ட பூத்து முடிச்சதும் குறைச்சு விடுங்க. மருந்து தேவையில்ல.

ஆகஸ்ட்லயே இலை எல்லாம் பழுப்பாகி கொட்டுது, செப்டம்பர்ல ரெண்டு பூ பூக்குது

மழை அதிகமான கோடைல இலைப்புள்ளி நோய் வருது. முதல்ல அடி இலைல பழுப்பு திட்டு, ஓரத்துல மஞ்சள், அப்புறம் மேல ஏறி செடியே நெருப்புல வாட்டின மாதிரி ஆயிரும். பாத்தவுடனே செத்துப் போச்சுன்னு பயந்து வெட்ட கிளம்பிடறாங்க, வேண்டாம். கிளைய நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிரோடதான் இருக்கு.

அடில விழுந்த இலை எல்லாத்தையும் வாரி யார்ட் வேஸ்ட் பைல கட்டி அனுப்பிருங்க, நோயோட விதை அதுலதான் பனிக்காலத்தைக் கழிக்கும். தண்ணி ஊத்தினா வேர்ல ஊத்துங்க, ஸ்பிரிங்ளர் இலை நனையற மாதிரி வெக்காதீங்க.

இலை இல்லாம நின்ன செடிக்கு காலம் குழம்பிப் போயி, செப்டம்பர்ல நுனில ஒண்ணு ரெண்டு மொட்டு விரியும். சந்தோஷப்படற மாதிரி விஷயம் இல்ல, அது அடுத்த மே மாசத்து மொட்டு, அத்தனையும் போகாது, கொஞ்சம் குறையும். அந்த நேரத்துல உரம் போட்டு இன்னும் துளிர்க்க வெக்காதீங்க, இளந்துளிர் பனில செத்துரும்.

ஒரு கிளை மட்டும் திடீர்னு வாடுது

இத தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே பாருங்க. வாடின கிளைய மேல இருந்து கீழ வரைக்கும் விரலால தடவிக்கிட்டே வாங்க. தரைல இருந்து மூணு நாலு அடிக்குள்ள எங்கயாவது பட்டை புடைச்சு வெடிச்சிருக்கா, 4 மில்லிமீட்டர் அளவுல வட்டமா ஓட்டை இருக்கா, அதுக்கு கீழயோ தரைலயோ மரத்தூள் கொட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா தண்டு துளைப்பான். இதோட தாய்ப்பூச்சி ஒரு அந்துப்பூச்சி, ஆனா பாத்தா குளவின்னு நினைச்சு ஒதுங்கிடுவோம், றெக்கை கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். மே கடைசி, ஜூன்ல வந்து பட்டை வெடிப்புல முட்டை வெக்கும், புழு உள்ள போயி மரத்தைத் தின்னும், பனிக்காலத்தையும் உள்ளயே கழிக்கும்.

ஓட்டை ஒண்ணு ரெண்டுதான்னா வளையற மாதிரி மெல்லிய கம்பிய ஓட்டை உள்ள விட்டு நல்லா குத்தி எடுங்க, புழு செத்துரும். தண்டு பூரா ஓட்டைன்னா அந்தத் தண்டையே தரையோட அறுத்து, மே மாசத்துக்கு முன்னாடி வீட்ட விட்டு வெளிய அனுப்பிருங்க, பக்கத்துல அடுக்கி வெச்சா அதுல இருந்தே பூச்சி கிளம்பி வரும். இந்தப் பூச்சிக்கு பழைய மொத்தத் தண்டுதான் பிடிக்கும், மேல சொன்ன மூணு வருஷக் கவாத்து இதுக்கும் சேத்து மருந்து. தண்ணி இல்லாம வாடின செடியையும், ட்ரிம்மர் பட்டு பட்டை கிழிஞ்ச செடியையும் தேடி வரும். ஒன்டாரியோல அழகுக்காக பூச்சிமருந்து அடிக்கிறத 2009ல தடை பண்ணிட்டாங்க, கடைல கிடைக்கிறது சோப்பு கரைசல், எண்ணெய் கரைசல் மாதிரி சாதுவானதுதான், அது மரத்துக்குள்ள இருக்குற புழுவ தொடாது. கைவேலைதான் இதுக்கு வழி.

ஓட்டையே இல்லைன்னா வாடின கிளைல ஒரு துண்டு வெட்டி, பட்டைய சீவிட்டு மரத்த பாருங்க. நெடுக்க பழுப்பாவோ பச்சை கலந்த சாம்பல் நிறமாவோ கோடு ஓடினா வெர்ட்டிசிலியம் வாடல் நோய், லைலாக்ல இந்தக் கோடு சில நேரம் மங்கலாதான் தெரியும், நல்ல வெளிச்சத்துல பாருங்க. பெரும்பாலும் செடியோட ஒரு பக்கமா ஆரம்பிக்கும். இது மண்ணுல இருக்குற பூஞ்சை, வேர் வழியா ஏறி தண்ணி போற குழாய அடைச்சிரும், மருந்து கிடையாது.

நம்ம வீடுகளுக்கு இதுல ஒரு முக்கியமான சங்கதி இருக்கு. இதே பூஞ்சைதான் கத்திரிக்கா, தக்காளி, மொளகா, உருளைக்கும் வாடல் கொண்டு வரும். வருஷா வருஷம் ஒரே பாத்தில கத்திரி தக்காளி போட்டு, அது வாடிப் போன இடம் வெறுமையா இருக்கேன்னு அங்க லைலாக் வெச்சா நோயைத் தேடிப் போய் குடுத்த மாதிரி. அதே மாதிரி லைலாக் செத்த இடத்துல கத்திரி வெக்காதீங்க, பூஞ்சை பல வருஷம் மண்ணுல இருக்கும். லேசா பாதிச்சிருந்தா வாடின கிளைய எடுத்துட்டு, வறட்சி படாம தண்ணி விட்டு பாருங்க, சில செடி தேறிக்கும். பாதிக்கு மேல போயிருச்சுன்னா வேரோட எடுத்துட்டு அங்க ஊசியிலைச் செடி ஏதாவது வைங்க, அதுக்கு இந்த நோய் வராது.

தண்டுல சாம்பல் நிறத்துல சின்னச் சின்ன செதில் ஒட்டியிருக்கு

சிப்பி வடிவ செதில் பூச்சி. பட்டையோட நிறத்துலயே இருக்கும், நகத்தால சுரண்டினா பேந்து வரும். பனிக்காலத்துல பிளாஸ்டிக் பிரஷ் வெச்சு மெதுவா தேச்சு எடுங்க, ரொம்ப அப்பின தண்ட அறுத்துருங்க. மே கடைசி, ஜூன்ல குஞ்சு வெளிய வந்து ஊரும், அந்த நேரத்துல சோப்பு கரைசல் வேலை செய்யும், செதில் மூடினப்புறம் செய்யாது.

இலை மஞ்சளாகுது, வளர்ச்சியே இல்ல

தண்ணி குறைஞ்சும் வரும், அதிகமாகியும் வரும், இங்க பெரும்பாலும் ரெண்டாவதுதான். ஊர்ல தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தின கை, இங்க வந்தும் ஹோஸ்ஸ எடுத்துரும். புது சப்டிவிஷன் வீடுங்கள்ல மேல நாலு இன்ச் நல்ல மண்ண பரப்பி புல் விரிச்சிருப்பாங்க, அடில இருக்குறது சுத்தக் களிமண், ஊத்துற தண்ணி கீழ இறங்காம வேரச் சுத்தி தேங்கி நிக்கும், வேருக்கு மூச்சு விட காத்து இருக்காது.

செடிக்கு ரெண்டு அடி தள்ளி ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி சாயங்காலம் தண்ணி ரொப்பி விடுங்க. காலைல பாத்தா தண்ணி அப்படியே நின்னா அந்த இடம் லைலாக்குக்கு ஆகாது. கூரைத் தண்ணி வர்ற டவுன்ஸ்பவுட் அந்தப் பக்கம் திரும்பியிருக்கான்னும் பாருங்க, திருப்பி விட்டாலே பல செடி தேறிரும். இல்லேன்னா ஒரு அடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதுல மாத்தி வைங்க. குழில மட்டும் நல்ல மண்ண கொட்டி நிரப்பினா சுத்தி இருக்குற களிமண்ணு தொட்டி மாதிரி தண்ணிய பிடிச்சு வெச்சுக்கும், அதனால மேடுதான் சரி.

முதல் வருஷம் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவ ஆழமா தண்ணி விடுங்க, மழை பெஞ்ச வாரம் அதுவும் வேண்டாம். ரெண்டு மூணு வருஷம் ஆன செடிக்கு நல்ல வறட்சி தவிர தண்ணியே தேவையில்ல. இது பால்கன் பக்கத்து பாறைச் சரிவுல வளந்த செடி, ஈரத்த விட வறட்சிய நல்லா தாங்கும்.

பனி உருகினப்புறம் பாத்தா அடிப்பட்டை சுத்தி உரிஞ்சிருக்கு

முயல். பனி மேல ஏறி நின்னு கடிக்கிறதால ரெண்டு அடி உயரத்துல கூட கடி இருக்கும். தண்ட சுத்தி முழு வட்டமா போயிருந்தா அந்தத் தண்டு பிழைக்காது, கடிக்கு கீழ வெட்டி விட்டா தூர்ல இருந்து புதுசா வரும். நவம்பர்ல சின்னச் செடிய சுத்தி கம்பி வலை கட்டுங்க, பனி எவ்வளவு ஏறும்னு கணக்கு பண்ணி அதுக்கு மேல ரெண்டு அடி உயரம் வைங்க.

கான்டோ பால்கனில தொட்டில வெச்சேன், பனிக்காலம் தாண்டல

செடி குளிர தாங்கும், தொட்டில இருக்குற வேர் தாங்காது. தரைல இருக்குற வேருக்கு சுத்தி இருக்குற மண்ணே போர்வை, தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர் ஏறும். மிஸ் கிம், குட்டைக் கொரிய லைலாக் மாதிரி சின்ன ரகமா எடுத்து, ரெண்டு அடி அகலத் தொட்டில வெச்சு, டிசம்பர்ல சுவர ஒட்டி நகத்தி சாக்கு, பழைய கம்பளம்னு சுத்திக் கட்டுங்க. ஹீட்டர் இல்லாத கராஜ் கிடைச்சா இன்னும் நல்லது. வீட்டுக்குள்ள கொண்டு வந்து ரேடியேட்டர் பக்கத்துல மட்டும் வெச்சிராதீங்க, தூக்கமே கிடைக்காம போயி பூக்காது. மாசம் ஒரு தடவ மண்ண தொட்டுப் பாத்து முழுக்க காஞ்சிருந்தா ஒரு சொம்பு தண்ணி போதும்.

வெட்டி வீட்டுக்குள்ள வெச்சா மதியத்துக்குள்ள தலை தொங்கிருது

நிறைய பேர் மொட்டா இருக்குறப்பவே வெட்டறாங்க, லைலாக் மொட்டு வெட்டினப்புறம் சரியா விரியாது. கொத்துல முக்கால்வாசி பூ விரிஞ்சதா பாத்து, வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலைல வெட்டுங்க, கைலயே பக்கெட்ல தண்ணி எடுத்துட்டு போங்க. கொத்துக்கு கீழ இருக்குற இலை எல்லாத்தையும் உருவிருங்க, பூவுக்கு போக வேண்டிய தண்ணிய அதுதான் இழுக்குது. காம்பு மரமா இருக்கறதால சாதாரணமா வெட்டினா தண்ணி ஏறாது, அடில ரெண்டு இன்ச் நெடுக்க ரெண்டா பிளந்து விட்டு, ஒரு மணி நேரம் இருட்டான குளுகுளு இடத்துல கழுத்து வரைக்கும் தண்ணில நிக்க வைங்க, அப்புறம் ஹால்லயோ சாமி ரூம்லயோ வைங்க. தினம் தண்ணி மாத்தினா மூணு நாலு நாள் நிக்கும். மல்லி மாதிரி தொடுக்கலாமான்னு கேக்குறாங்க, பூ ஒவ்வொண்ணும் ரொம்ப சின்னது, காம்பும் மெலிசு, ரெண்டு மணி நேரத்துல சுருங்கிரும், கொத்தாவே சாமிக்கு வைங்க. வெட்டறப்ப கொத்துக்கு கீழ ஒரு ஜோடி துளிர் தண்டோட நிக்கற மாதிரி விட்டு வெட்டினீங்கன்னா அந்தக் கிளைக்கு இந்த வருஷம் தனியா கவாத்து தேவையில்ல.